எலியேசர்புரம் சபைக்கு மூன்றாம் ஓலை

எங்கள் சபை இறந்துபோனது உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், மரண ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. பேனா, வட்டாரத்துச் சபைகளையெல்லாம் நிர்வகிக்கிற திருமண்டல அலுவலகத்துடையது. கட்டத்தை நிரப்பியதும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

என் பெயர் ஜெபதுரை. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எலியேசர்புரம் சபைக்கு நான் செயலாளர் ஆனது பக்தியினால் அல்ல. "ஆபீஸ்ல எதைக் கேட்டாலும் மூணு காப்பி கேக்காவ. இவன்கிட்ட மெஷின் இருக்கு" என்று அஞ்சலின் பெரியம்மா முன்மொழிந்தார். சபையார் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

எலியேசர்புரம் புதூருக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. பதினேழு தலைக்கட்டு. அதில் பூட்டாத வீடு ஒன்பது. மற்றவர்கள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். கோவிலுக்கு நூற்று நாற்பது வயது. அந்தக் காலத்தில் கோவில் மணி லண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது, வந்து சேர்ந்தது. ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், கோவில்பட்டியிலிருந்து வர வேண்டும்.

ஐயரைக் குறை சொல்லக் கூடாது. அருமைநாயகம் ஐயருக்குப் பதினாலு ஊர், ஒரு டூவீலர். மாதத்துக்கு நாலு ஞாயிறு. எந்த மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு விழுகிறதோ அந்த மாதம் எங்களுக்கு அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் என் அக்கா எஸ்தர்ராணி ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்துவாள். பாவமன்னிப்புப் பகுதி வரும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிடுவாள். அதைச் சொல்ல ஐயருக்குத்தான் அதிகாரம். அதனால் எலியேசர்புரத்தார் செய்கிற பாவங்கள் மூன்று மாதத்துக்குச் சேர்ந்து கிடக்கும்.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்கு இருபது, எனக்குப் பன்னிரண்டு. விடிகாலை வேனில் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். வந்த வரன்களையெல்லாம் "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். தம்பி படித்து முடிக்க நிறைய வருஷம் எடுத்துக்கொண்டான். கணிதம் மட்டும் மூன்று வருஷம்.

போன வருஷம், சேகரத்து ஊர்களெல்லாம் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் அக்கா சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றாள். மணியாச்சி ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற ரூபஸ் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். மூன்று தடவை சாம்பார் கேட்டார். நாலாவது தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பெண் கேட்டார். "உங்கக்காகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல, நான் ரயில்வேக்காரன், லேட் ஆனாலும் காத்திருப்பேன்" என்றார். அக்கா ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் "சரின்னு சொல்லிருலே" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். துவைத்ததையே திரும்பத் துவைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாளில் எங்களில் கல்யாணம் கிடையாது. மே இருபத்தெட்டு, புதன்கிழமை என்று நாள் குறித்தோம். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர் தெரிவிக்கலாம் என்று பெண் சபையிலும் மாப்பிள்ளை சபையிலும் அறிவிப்பதற்கு ஓலை என்று பெயர். காகிதத்தில்தான் எழுதியிருக்கும். மூன்று ஓலை ஏறினால்தான் கல்யாணம். ஒரு ஓலை தவறினாலும் ராஜா வீட்டுக் கல்யாணமானாலும் நிற்கும்.

இந்த நேரத்தில்தான் திருமண்டலம் 'புத்துயிர் ஆண்டு' அறிவித்தது. நாற்பத்தாறு பக்கச் சுற்றறிக்கை வந்தது. மூன்று காப்பி எடுத்துக் கோவிலில் ஒன்று, ஐயருக்கு ஒன்று, வீட்டில் ஒன்று வைத்தேன். முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். 'ஞாயிறுதோறும் குருவானவர், மாதந்தோறும் திருவிருந்து' என்று இருந்தது. ஓலை வாசிக்க ஐயர் வேண்டும், மே மாதத்திலோ ஐந்தாவது ஞாயிறு கிடையாது; மறுநாளே இரண்டு பஸ் மாறித் திருமண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

புத்துயிர்த் திட்ட இயக்குநர் வேதமாணிக்கம் குளிரூட்டின அறையில் இருந்தார். "உங்க சபை எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குய்யா."

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அது உங்களுக்கு நல்லதில்ல." சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். "சபைகளை மூணா வகைப்படுத்தியிருக்கோம். உயிருள்ளது, குற்றுயிரானது, உயிரற்றது."

"உயிருள்ள சபைக்கு என்னய்யா குடுப்பிய?"

"பாராட்டு மடல். பிரேம் போட்டு."

"குற்றுயிருக்கு?"

"விசேஷித்த ஜெபம்."

"உயிரற்றதுக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தானே திட்டமே. வாராவாரம் ஐயர், திருவிருந்து, ஞாயிறு பள்ளிக்கு டீச்சர், கோவிலுக்குப் புது ஓடு. எல்லாம் உண்டு. ஆனா செத்தாத்தான் செய்ய முடியும்."

"உயிரோட இருக்கையிலயே செஞ்சா ஆகாதாய்யா?"

"உயிரோட இருக்கதுக்குச் செஞ்சா அதுக்குப் பேரு பராமரிப்பு. பராமரிப்புக்கு எங்க பட்ஜெட்ல தலைப்பு இல்ல. புத்துயிருக்குத்தான் தலைப்பு இருக்கு."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. குளிரூட்டின அறையில் எனக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

சபை உயிரற்றதுதானா என்று பார்க்க லெந்தின் மூன்றாம் ஞாயிறு ஆய்வுக் குழு வருவதாக ஏற்பாடு. ஊர்க்கூட்டம் போட்டேன். "பாட்டை இழுத்துப் பாடணும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பாதிப் பேர் வரவே கூடாது" என்றேன்.

"அந்தப் பாதி யாருலே?" என்றார் அஞ்சலின் பெரியம்மா.

"யாராச்சும் இருக்கலாம் பெரியம்மா."

"நான் இருக்கமாட்டேன். நாளப்பின்ன ஐயரு வருகையில, அன்னைக்கு வராதவதானேன்னு எம்பேரை அடிச்சிட்டா?"

எல்லா வீட்டிலும் இதே கணக்கு. ஆய்வு ஞாயிறன்று நாற்பத்துமூன்று பேர் வந்துவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டுத் திருப்பூரிலிருந்து இரண்டு குடும்பம் ராத்திரி ரயிலில் வந்து இறங்கியது. "சபை செத்திருக்குன்னு காட்டணும்னு சொன்னாவ. ஆள் பத்தாதேன்னு வந்தோம்" என்றார்கள்.

அது மிளகாய் காய்கிற காலம். ஊரில் சிமெண்டுத் தரை கோவில் வளாகத்தில் மட்டும்தான் என்பதால் ஒன்பது வீட்டு வத்தலும் அங்கேதான் கிடக்கும். இரண்டாவது பாட்டில் மேல்காற்று எழும்பி வத்தல் நெடி மொத்தமும் கோவிலுக்குள் வந்தது. நாங்கள் பழகினவர்கள். குழுவினர் மூன்று பேரும் அப்படியல்ல. வேதமாணிக்கம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே குறிப்பெழுதினார். அவர் தேம்புவதைப் பார்த்து, பெரிய மனுஷன் மனசுடைந்து அழுகிறாரே என்று அஞ்சலின் பெரியம்மாவும் அழுதார். பெரியம்மாவைப் பார்த்து முன்வரிசை முழுவதும் அழுதது.

வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பினால் ஊருக்கு அவமானம். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற வெயிலுமுத்து அண்ணாச்சியிடம் ஒரு கிடாய் வாங்கினோம். லெந்தில் நாங்கள் கறி தொடமாட்டோம். ஆகவே ஊர் முழுவதும் சுற்றி நின்று பரிமாற, மூன்று பேர் மட்டும் சாப்பிட்டார்கள். "ஊழியப் பயணத்தில் உபவாசம் கட்டாயமில்லை" என்று வேதமாணிக்கம் நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டே எங்களுக்கு விளக்கினார்.

வெயிலுமுத்து அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இவிய என்னத்தைப் பார்க்க வந்திருக்காவ?"

"கோவில்ல உயிர் இருக்கா இல்லையான்னு."

"எங்க அம்மன் கொடைக்கு அப்படி ஒருத்தரும் வந்து பார்க்கமாட்டாவ. இருக்குன்னு நினைச்சுத்தான் ஆடு வெட்டுதோம். நீங்க ஆட்டை வெட்டிப்போட்டு, பொறவு இருக்கான்னு பாக்கிய."

ஆய்வறிக்கை வந்தது. 'சபையார் கண்ணீரோடு ஆராதித்தனர்: பத்து மதிப்பெண். விருந்தோம்பல்: பதினைந்து.' மொத்தம் அறுபத்தொன்று. உயிருள்ள சபை. கூடவே பாராட்டு மடல். பிரேமுக்குக் கண்ணாடி வழியிலேயே உடைந்திருந்தது.

மறுபடியும் இரண்டு பஸ். "ஒரு வழி இருக்கு" என்றார் வேதமாணிக்கம். "குழு சொன்னது குழுவோட கருத்து. நான் செத்துட்டேன்னு சபையே எழுதிக் குடுத்தா, இல்லன்னு சொல்ல எங்களால முடியாது. எல்லா சபையும் உயிரோட இருக்கேன், இருக்கேன்னு அடம்பிடிக்கிறதுனாலதான் தம்பி திருச்சபைக்கு இந்த நிலைமை."

இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்தேன். எங்கள் ஊருக்கு வாராவாரம் ஐயர் வரப்போகிறார் என்று பெருமையாக இருந்தது.

சாயங்காலம் அருமைநாயகம் ஐயர் போன் செய்தார். "ஜெபதுரை, நீ என்ன காரியம் செஞ்சுட்ட. சபை ரெஜிஸ்டரையெல்லாம் சீல் வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. உங்கக்கா ஓலையை நான் எங்க வாசிப்பேன்?"

"நம்ம கோவில்லதான்யா."

"செத்த சபையில ஓலை வாசிக்க முடியாதுப்பா. சபையே இல்லன்னா உங்கக்கா எந்தச் சபைப் பொண்ணு?"

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ சாப்பிடு" என்றாள். திரும்பவும் புடைக்க ஆரம்பித்தாள். இருபத்தொரு வருஷத்தில் எத்தனையோ வரனை அவளாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளாக வரச்சொன்ன ஒன்றை நான் திருப்பிவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. அதையும் அவள்தான் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

புதன்கிழமை காலையிலேயே அலுவலகத்தில் நின்றேன்.

"ஐயா, சபையைத் திரும்ப உயிரோட எழுப்பணும். மே இருபத்தெட்டுக்குள்ள."

வேதமாணிக்கம் சிரித்தார். "மூணு கட்டம் இருக்கு தம்பி. முதல் ஆறு மாசம் துக்க நிலை. கோவிலைப் பூட்டிச் சாவியை இங்க ஒப்படைக்கணும். அடுத்த ஆறு மாசம் ஆய்வு நிலை. அதுக்கடுத்து விதைப்பு நிலை. மொத்தம் ஒன்றரை வருஷம்."

"அந்த ஒன்றரை வருஷமும் ஐயர் வருவாவல்லா?"

"செத்த சபைக்கு ஐயர் எதுக்கு?"

"கர்த்தர் மூணாம் நாளே எழுந்தாரேய்யா" என்றேன்.

"அவருக்குக் கமிட்டி இல்லையே தம்பி" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

வேறு வழிகளையும் பொறுமையாகச் சொன்னார். அக்கா பக்கத்து ஊர்ச் சபைக்கு மாறலாம். அதற்கு எலியேசர்புரம் செயலாளர் மாற்றுக் கடிதம் தர வேண்டும். நான்தான் செயலாளர் என்றேன். சபை இறந்த நேரத்திலிருந்து நான் முன்னாள் செயலாளர் என்றார். அல்லது, அக்கா புதிய விசுவாசியாக எங்காவது சேரலாம். ஒரு வருஷம் ஞாயிறு பள்ளி அடிப்படைப் பாடம் படித்துத் தேற வேண்டும்.

"எங்கக்கா இருபது வருஷமா அந்தப் பாடத்தை நடத்துதா."

"அப்ப சுலபமாத் தேறிருவாங்க."

ராத்திரி வீட்டில் ரூபஸ் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "கல்யாணம் அடுத்த வருஷம்னாலும் சரிதான். சிக்னல் விழும்வரைக்கும் நிக்கது எனக்குப் புதுசா" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

"அந்த நாற்பத்தாறு பக்கத்தை நீ படிச்சியாலே?"

"மூணு காப்பி எடுத்தேன்க்கா."

"படிச்சியான்னு கேட்டேன்."

சுற்றறிக்கையை வாங்கிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். ரூபஸ் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். நிச்சயம் முடிந்த ஜோடி இப்படியும் பொழுதுபோக்கும் என்று நான் கண்டதில்லை. முப்பத்தொன்றாம் விதியில் அக்காவின் விரல் நின்றது. 'ஒரு சபை நிறைவடைவதை அச்சபையின் கோவிலில், குருவானவர், தொடர்ச்சியாக மூன்று ஞாயிறுகள் அறிவித்து ஆட்சேபணை கேட்க வேண்டும். மூன்றாம் அறிவிப்புக்குப் பின்னரே நிறைவு அமலாகும்.'

"அப்ப சபை இன்னும் சாகலையே" என்றாள் அக்கா. "மூணு ஞாயிறு இருக்கு. எனக்கும் அந்த மூணு ஞாயிறுதான் வேணும்."

மறுநாள் வேதமாணிக்கம் விதியைப் படித்துவிட்டு எரிச்சலானார். இதுவரை திட்டத்தில் இறந்த பதினொரு சபைகளில் யாரும் இதைக் கேட்டதில்லை. அதற்குப் படிவமே அச்சடிக்கவில்லை. மூன்று ஞாயிறு, குருவானவர், அறிவிப்பு, ஆட்சேபணை என்று பார்த்ததும், ஒரு கிளார்க் கல்யாண ஓலைப் படிவத்தையே எடுத்து, மணமகன், மணமகள் என்று இருந்த இடத்தில் மட்டும் பேனாவால் திருத்திக் கொடுத்துவிட்டார். நான் மூன்று காப்பி எடுத்தேன்.

மே பதினொன்றாம் தேதி அருமைநாயகம் ஐயர் டூவீலரில் வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஐயரைப் பார்த்ததில் எலியேசர்புரத்தார் ஆடிப்போனார்கள். சேர்ந்து கிடந்த பாவங்கள் முதல் வாரத்திலேயே தீர்ந்து, இரண்டாம் வாரம் புதிதாகச் சிலதைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு ஞாயிறும் ஐயர் முதலில் அக்கா கல்யாண ஓலையை வாசித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எலியேசர்புரம் சபைக்கும் திருமண்டலப் புத்துயிர்த் திட்டத்துக்கும்" என்று அடுத்த காகிதத்தை வாசித்தார். "இவர்களுக்குள் நெருங்கிய உறவோ, வயதுக் குறைவோ, முந்தின திருமணமோ தடையாக இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்." யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. வாசித்து முடித்ததும் ஐயர் என் காதருகே வந்து, "எனக்கு ரிட்டயராக ஒன்றரை வருஷம் இருக்குப்பா. பார்த்துச் செய்" என்றார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மே இருபத்தைந்து, மூன்றாம் ஞாயிறு. வேதமாணிக்கமே வந்துவிட்டார். வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கி, துணி போர்த்தின கருங்கல் கல்வெட்டு. கோவிலைப் பூட்ட ஒரு பெரிய பூட்டு தாம்பூலத் தட்டில் இருந்தது. ஊர் முழுவதும் கூடியிருந்தது. கடைசி பெஞ்சில் ரூபஸ். சன்னலுக்கு வெளியே வெயிலுமுத்து அண்ணாச்சி.

முதலில் சிறப்புரை.

"அன்பானவர்களே, இருநூறு வருஷமாக மிஷனரிமார் சபைகளை நட்டார்கள். நடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதை முறையாக மூடுவதற்கு நிர்வாகத் திறமை வேண்டும். இந்த ஆண்டு முப்பது சபைகளுக்குப் புத்துயிர் கொடுக்க இலக்கு வைத்தோம். ஆனால் இதுவரை பதினொன்றுதான் இறந்திருக்கிறது. மற்ற சபைகள் சுயநலமாக இருக்கின்றன. பத்துப் பேர், பன்னிரண்டு பேர் கூடிக்கொண்டு பாட்டுப் பாடுகிறார்கள். இந்தச் சூழ்நிலையில் எலியேசர்புரம் தானாகவே முன்வந்து இறந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஐயர் இல்லாமலே இத்தனை வருஷம் நடந்திருக்கிறீர்கள். அந்தக் குறையை இன்றோடு நீக்குகிறோம்."

சிலர் கைதட்டினார்கள். பழக்கதோஷம்.

ஐயர் முதல் காகிதத்தை எடுத்தார். வேதமாணிக்கம் கையை நீட்டித் தடுத்தார். "என்ன அது?"

"கல்யாண ஓலைங்க. மூணாவது."

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. சபைக் காரியம் முன்னால், தனிநபர் காரியம் பின்னால். நிறைவு ஓலையை வாசியுங்கள்."

அதை வாசித்து முடித்தால் சபை இல்லை. சபை இல்லாவிட்டால் அடுத்த ஓலை இல்லை. புதன்கிழமை கல்யாணமும் இல்லை. ஐயர் என்னைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ரூபஸ் குனிந்து தரையைப் பார்த்தார். ஐயர் வாசித்தார். "தடையாக இருப்பதாக அறிந்தவர்கள்" என்று வரும்போது இன்னொரு தடவை என்னைப் பார்த்தார்.

நான் எழுந்துவிட்டேன். "தடை இருக்குய்யா."

"என்ன தடை?" என்றார் வேதமாணிக்கம்.

"எங்கக்கா கல்யாணம்."

"அது தடையாகாது. படிவத்தில் மூன்றுதான் இருக்கிறது. நெருங்கிய உறவு, வயதுக் குறைவு, முந்தின திருமணம். இதில் எது?"

என் கையில் அந்தப் படிவத்தின் காப்பி இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் மூன்றுதான் இருந்தது.

"வயசு குறைவுன்னு சொல்லுலே" என்று அஞ்சலின் பெரியம்மா பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

"நூத்தி நாப்பது வயசு பெரியம்மா."

"உட்காருங்கள்" என்றார் வேதமாணிக்கம். உட்கார்ந்தேன்.

அப்போது அக்கா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஞாயிறு பள்ளியில் பேசுகிற அதே குரல்.

"முந்தின திருமணம் இருக்கு."

ரூபஸ் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

"யாருக்கு?" என்றார் வேதமாணிக்கம்.

"சபைக்கு. சபை கிறிஸ்துவுக்கு மணவாட்டின்னு வேதத்துல இருக்கு. இங்க உட்கார்ந்திருக்க பாதிப் பேருக்கு நான்தான் அதைச் சொல்லிக் குடுத்தேன். கட்டினவரு உயிரோட இருக்காருன்னு போன மாசம் ஈஸ்டருக்கு இந்தக் கோவில்லதான் பாடினோம். அவரு இருக்கையில இவளை இன்னொரு திட்டத்தோட சேத்து ஓலை வாசிக்க, நீங்க குடுத்த படிவத்துலயே இடமில்லைல்லாய்யா. ஒருவேளை அவரு உயிரோட இல்லைன்னு ஆபீஸ்ல ஏதும் முடிவு எடுத்திருக்கியளா? அப்படின்னா மைக்ல சொல்லிருங்க. நாங்க தெரிஞ்சுக்கிடுதோம்."

வேதமாணிக்கத்தின் வாய்க்கு முன்னால் மைக் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையால் மூடினார். "ஐயர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அருமைநாயகம் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். பிறகு படிவத்தின் அடியில், ஆட்சேபணை என்ற கட்டத்தில், பெரிய எழுத்தில் ஏதோ எழுதினார். "தடை பதிவு செய்யப்பட்டது" என்றார். "தப்புன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்லைங்க. அதுக்கு நான் வேற வேதாகமம் படிச்சிருக்கணும்."

"இது விசாரணைக்கு உரியது" என்றார் வேதமாணிக்கம். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. விசாரணை என்பது அவருக்குத் தெரிந்த நிலம். ஓலைக்கு ஆட்சேபணை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். குருவானவர் ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு. மாதம் ஒரு முறை, சம்பந்தப்பட்ட கோவிலிலேயே கூட வேண்டும். திருவிருந்தோடு தொடங்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை இப்போதுள்ள நிலை தொடரும்.

"எவ்வளவு நாளாகும்யா?" என்றேன்.

"சாதாரணமா ஒன்பது, பத்து வருஷம்."

பெரியம்மா "ஸ்தோத்திரம்" என்றார்.

பிறகு ஐயர் அந்த இன்னொரு காகிதத்தை எடுத்தார். மணியாச்சி சபை ரூபஸுக்கும் எலியேசர்புரம் சபை எஸ்தர்ராணிக்கும், இது மூன்றாம் ஓலை. தடை உண்டென்று அறிந்தவர்கள் என்று அவர் நிறுத்தினபோது ஒரு குழந்தை அழப்பார்த்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். ஒன்றும் தெரியாமல் அதை ஆட்சேபணையாகப் பதிவு செய்துவிடுவார்களோ என்ற பயம்.

பந்தல்காரர் பந்தலைப் பிரிக்க வந்தபோது புதன்கிழமை வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். கல்வெட்டை வேதமாணிக்கம் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பூட்டு இங்கேயே தங்கிவிட்டது. வெயிலுமுத்து அண்ணாச்சி ஆட்டுப்பட்டிக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. சாம்பார் எனக்குப் பரிமாறத் தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

புறப்படுகிற நேரத்தில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ரூபஸ் டாக்ஸிக்குப் பக்கத்தில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றார்.

"மணியாச்சிச் சபைக்கு என்னை மாத்தி நீதான் கடிதம் எழுதணும்லா. செயலாளர் கையெழுத்து வேணும்."

"ஆமாக்கா. இன்னைக்கே எழுதித் தாரேன்." சொல்லிவிட்டேனே தவிர, கோவில் ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே கோடு போட எனக்கு மனசு வரவில்லை.

அக்கா என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்கிறமாதிரி இல்லை; கொஞ்சம் முரட்டுத்தனமாக.

"உடனே எழுதாதே. ஆபீஸ்காரவிய எழுதுத மாதிரி எழுது" என்றாள்.

வண்டி கிளம்பியது. அன்று சாயங்காலம் அவள் எழுதி வைத்துவிட்டுப் போன விண்ணப்பத்தை மூன்று காப்பி எடுத்து, ஒரு கோப்பில் வைத்தேன். அது பரிசீலனையில் இருக்கிறது.